படித்துறைக்குப் பூட்டு

நல்லது செய்யப் போய் ஊர் வாயில் விழுவது சிலருக்குத் தலையெழுத்து. சந்திரகலாவுக்கு அது ஒரு புதன்கிழமை காலையில் போன் வழியாக வந்தது. அன்று நகராண்மைக் கழகத்தின் மாதக் கூட்டம். அதற்குப் போகும் முன் டோபிக் கடையைத் திறந்து, துணி எந்திரங்களுக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, படித்துறைய அடைக்கிறாங்கக்கா. லோரியில தகரம் வந்து இறங்கிருச்சு. கொஞ்சம் வாங்களேன்.”

பேசியவர் சபாபதி. குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதும் அவள் சோப்பு டப்பாவை மூடக்கூட இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

தஞ்சோங் பாயு பெரிய ஊர் ஒன்றும் இல்லை. பந்திங்கைத் தாண்டி, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து வருகிற சாலை, இதற்கு மேல் போக வழியில்லை என்று கடலில் முட்டி நிற்கிற இடம். சனி, ஞாயிறு ஆனால் சுட்ட மீன் சாப்பிடக் கூட்டம் வரும். மற்ற நாள்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். கிள்ளான், சுங்கை வே, பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கெங்கிருந்தோ மடியில் ஒரு மண் கலயத்தோடு வருவார்கள். கடலோரத் தடுப்புச் சுவரில் ஓர் இடைவெளி விட்டு, அங்கிருந்து தண்ணீருக்கு இறங்கச் சிமெண்டுப் படி கட்டியிருக்கிறது. அஸ்தி கரைப்பது அங்கேதான். காரியம் செய்து வைப்பவர் சபாபதி. சந்திரகலாவின் வீட்டுக்காரரும் அந்தப் படி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தார். பட்டப்பகலில் மகன் கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டெறிந்ததும் அது ‘தொப்’பென்று விழுந்த சத்தமும் இன்னும் அவள் காதில் இருக்கின்றன.

அவள் அந்த ஊர் நகராண்மைக் கழகத்தில் உறுப்பினர். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை, நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. கட்சி பெயர் கொடுக்கும், மாநிலத் தலைநகர் ஷா ஆலமிலிருந்து நியமனக் கடிதம் வரும், போய் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். அந்த நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். வழியில் பார்க்கிற தமிழர்கள் எல்லாரும் சாக்கடை, நாய், எரியாத விளக்கு என்று எதைக் கண்டாலும் அவளைத்தான் பிடித்து நிறுத்துவார்கள். அவளும் சளைக்காமல் கேட்டுக்கொள்வாள்.

படித்துறையில் லோரி நின்றது. இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை வாங்கிக்கொண்டிருந்தவன் குரு, குத்தகைக்காரரின் மேற்பார்வையாளன். டோபிக் கடைக்குத் துணி கொண்டு வருகிற பையன்தான்.

“குரு, யார் சொல்லிடா அடைக்கிறீங்க?”

“மஜ்லிஸ் ஓர்டர்க்கா.”

“மஜ்லிஸ்ல நானும்தான் இருக்கேன். எனக்குத் தெரியாம எந்த மஜ்லிஸ்?”

குரு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “என்னக்கா வெளையாடுறீங்க? நீங்க கேட்டுத்தானே அடைக்கிறாங்க! இந்தியர் பிரதிநிதியே கேட்டுக்கிட்டாங்க, பிரச்சினை வராதுன்னு இன்ஜினியர் சொன்னாரு. இங்க புது நடைபாதை வருதுலா. கலர் லைட்டு, சாப்பாட்டு வண்டி எல்லாம் வருதாம். இந்தப் படிய அடுத்த வாரம் ஒடைக்கணும்.”

சந்திரகலா திரும்பிப் பக்கத்தில் நின்ற சபாபதியைப் பார்த்தாள். அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். போன மாதம் சபாபதி அவளிடம் வந்து, படித்துறையில் உடைந்த கலயமும் மாலையும் செத்தவர்களின் துணிமணியும் குவிந்து கிடக்கின்றன, மீன் கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஒரு குப்பைத் தொட்டியும் கால் கழுவ ஒரு பைப்பும் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். நியாயமான பேச்சு. அவளுக்கும் அந்தக் குப்பையைப் பார்த்தால் நாலு இனத்தார் முன்னால் மானம் போவதுபோல இருக்கும். சுகாதாரக் குழுவில் எழுந்து, அந்த இடம் அசிங்கமாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டாள். அதிகாரி ஒருவர் சிரித்த முகத்தோடு, “நல்ல கோரிக்கை. அந்த இடத்தை மூடித் தரம் உயர்த்திவிடலாம்,” என்றார். தலைவர் வழக்கம்போல, “ஆதரவு யார்?” என்று கேட்டார். அவளும் வழக்கம்போல, “சொக்கோங்” என்றாள்.

ஆதரிக்கிறேன் என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல் போதும். அதைச் சொல்ல அந்த மேசையில் யாருக்கும் பொறுமை இருக்காது. எல்லாரும் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் கூட்டத்திலிருந்தே அந்தச் சொல்லைச் சந்திரகலாதான் சொல்லி வந்தாள். சக உறுப்பினர் ஹாஜி மூசா தன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, கேட்ட சாக்கடைக்கும் சொன்னாள், லிம் கேட்ட சந்தை விளக்குக்கும் சொன்னாள். ‘புவான் சொக்கோங்’, ஆதரவு அம்மா, என்று கேலியாகப் பெயரே வைத்துவிட்டார்கள். இது மொய் வைப்பது மாதிரி, நாளைக்கு நமக்கு ஒரு காரியம் என்றால் திரும்பி வரும் என்பது அவள் கணக்கு. அன்றைக்குத் தன் கோரிக்கையே எடுபட்டுவிட்ட சந்தோஷத்தில், மூடுவது எத்தனை நாளைக்கு, திறப்பது எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் மூடிப் பைப்பு போடுவார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அடி மடச்சி!

“இன்னிக்குக் கூட்டத்துலதான் இது முடிவாகும். முடிவாகாம எதையும் பூட்டாத,” என்று குருவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். குழுவில் பேசியதை இன்றைய கூட்டத்து மேசையில் உறுதி செய்துவிட்டால் அப்புறம் ஒரு வருஷத்துக்கு யாரும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பேசப் படி எங்கே இருக்கப் போகிறது?

காரை ஓட்டிக்கொண்டே கட்சித் தொகுதித் தலைவர் சாத்தப்பனைக் கூப்பிட்டாள். அவர் கிள்ளானில் மொத்த வியாபாரம் செய்பவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

“ஏம்மா, இது ஒரு விஷயமா? போர்ட் கிள்ளான்ல கரைக்கட்டும், மோரிப்ல கரைக்கட்டும். கடலுக்கா பஞ்சம்?”

“அண்ணே, இது என் பேர்ல நடக்குதுண்ணே. நான் கேட்டேன்னு சொல்லி அடைக்கிறாங்க.”

“கேட்டியா இல்லையா?”

“குப்பைத் தொட்டி கேட்டேன்.”

சாத்தப்பன் பெருமூச்சு விட்டார். “இந்தா பாரு சந்திரா. உன் கடிதம் இந்த மாசத்தோட முடியுது. புது லிஸ்ட் ஷா ஆலம்ல இருக்கு, இன்னும் கையெழுத்தாகலை. மஜ்லிஸ் தலைவர் டத்தோ ஒரு போன் போட்டா உன் பேரு போயிரும். உன் பேரு போச்சுன்னா நம்மளுக்கு இருக்கிற ஒத்த நாற்காலியும் போயிரும். வாய மூடிக்கிட்டு இரு. அடுத்த தவணையில வேற எதையாச்சும் கேட்டு வாங்கிக்கலாம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கூட்டத்துக்கு முன்னால் தலைவரின் அறைக்குப் போனாள். டத்தோ ஹம்டான் குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிறவனிடம் சண்டை போடலாம், இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வது? உட்காரச் சொன்னார், தேநீர் கொண்டு வரச் சொன்னார், அவள் மலாயில் படபடவென்று கொட்டியதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“புவான், நீங்கள் கேட்டதைத்தான் செய்கிறோம். அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னது நீங்கள். அதே கூட்டத்தில் ஆதரித்ததும் நீங்கள்தான். இப்போது வேண்டாம் என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?”

“படியை உடைக்க நான் கேட்கவில்லை, டத்தோ.”

“தமிழ்ப் பள்ளியின் மண்டபக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே,” என்றார் அவர், தேநீரை ஆற்றியபடி. “இந்த வருஷமே அதைப் பார்த்துவிடலாம். அமைதியாக இருங்கள்.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்திரகலாவின் மனம் அந்தக் கூரைக்குப் போய்த்தான் வந்தது. மழை பெய்தால் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவதை அவளே பார்த்திருக்கிறாள். செத்தவர்களுக்காக உயிரோடு இருக்கிற பிள்ளைகளை விடுவதா என்று தோன்றியது. அப்புறம், எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

கூட்டம் ஆரம்பித்தது. கடைத்தெரு நாய்கள், இரவுச் சந்தையில் இடம் பிரிப்பது, புல் வெட்டாத குத்தகைக்காரருக்கு எச்சரிக்கை என்று வரிசையாகப் போயிற்று. ஒவ்வொன்று முடிந்ததும் தலைவர் அவள் பக்கம் பார்ப்பார். அவள் வாயைத் திறக்கவில்லை. வேறு யாராவது தடுமாறிச் “சொக்கோங்” என்பார்கள். இரண்டு மூன்று முறை அப்படி நடந்ததும் மேசையில் ஒரு சங்கடம் பரவியது. குளிர்சாதனம் உறைய வைத்தது, ஆனாலும் அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

“அடுத்தது, கடற்கரை நடைபாதை. பழைய படிகளை அகற்றுவது. இந்தியர் பிரதிநிதியின் கோரிக்கைப்படி,” என்றார் தலைவர்.

சந்திரகலா எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஆட்சேபம். நான் குப்பைத் தொட்டியும் தண்ணீர்க் குழாயும்தான் கேட்டேன். அந்தப் படி எங்கள் ஆட்கள் அஸ்தி கரைக்கிற இடம். நான் சரியாகக் கேட்காமல் ஆதரித்தது என் தப்பு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.”

“ஆட்சேபத்துக்கு ஆதரவு யார்?” என்றார் டத்தோ ஹம்டான், மென்மையாக.

லிம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். ஹாஜி மூசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடியும் துடைத்தார். அவர் கம்பத்துச் சாக்கடைக்கு எத்தனை முறை வாய் திறந்திருப்பாள்! வைத்த மொய் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வேண்டுமென்று செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. அவரவருக்கும் கடிதம் இந்த மாதத்தோடு முடிகிறது.

“ஆதரவு இல்லையென்றால்…” என்று தலைவர் ஆரம்பித்தபோது அவள் கைப்பேசி அதிர்ந்தது. சபாபதியிடமிருந்து குரல் செய்தி. அவள் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை, காதில் வைத்துக் கேட்டாள்.

“அக்கா, பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு. அம்மா செத்துப்போச்சு. மகன் கலயத்தைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறான். இன்ஜினியர் போன் போட்டாரு, குரு சங்கிலி போட்டுப் பூட்டிட்டான். தண்ணியப் பாக்காம கீழ வைக்கக் கூடாதுக்கா, வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகவும் கூடாது. ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைக்கா.”

அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தாற்போல் ஆயிற்று. இங்கே ஆதரவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அங்கே ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது! கத்தலாமா என்று நினைத்தாள். கத்தினால் ‘பெண்பிள்ளை உணர்ச்சிவசப்படுகிறாள்’ என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த மேசையில் ஆட்சேபத்துக்குத்தான் ஆதரவு வேண்டும். ‘லவத்தான் தாப்பாக்’, அதாவது இடத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டால், பார்க்காமல் முடிவு செய்வதில்லை. யாரும் அதை மறுத்ததும் இல்லை. மறுப்பானேன்? இடத்தைப் பார்த்த கையோடு சாப்பாடு உண்டு.

“லவத்தான் தாப்பாக் கேட்கிறேன்,” என்றாள். “இப்போதே. கூப்பிடு தூரம்தான். அப்படியே மதியத்துக்குச் சுட்ட மீன் சாப்பிட்டு வரலாம்.”

லிம் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தார். “போகலாமே, பக்கம்தானே,” என்றார். நாலைந்து பேர் ஏற்கெனவே தொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். டத்தோ ஹம்டான் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முடித்துவிட்டால் இவள் வாயும் அடைபடும் என்று கணக்குப் போட்டிருப்பார். “சரி, சீக்கிரம்,” என்றார்.

வேனில் எல்லாரும் எந்தக் கடையில் மீன் நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். சந்திரகலா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். போய்ச் சேரும் முன் அந்தப் பையன் கிளம்பிப் போயிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இப்படிக்கூட ஒருத்தி வேண்டிக்கொள்வாளா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவன் போகவில்லை. மொட்டை அடித்த தலை, வெற்று மார்பு, இடுப்பில் ஈர வேட்டி. மஞ்சள் துணி சுற்றிய கலயத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சங்கிலிக்கு முன்னால் நின்றான். முழங்கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் மனைவி குடை பிடித்திருந்தாள். குடை அவனுக்கு இல்லை, கலயத்துக்கு. பெயர் யுகேந்திரன் என்றும், இறந்தது அவன் அம்மா மாரியாயி என்றும் சபாபதி ஓடி வந்து காதோடு சொன்னார்.

வேனிலிருந்து அடையாள அட்டையோடு இறங்கியவர்களைப் பார்த்ததும் யுகேந்திரனுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டது. கூட்டத்தில் தமிழ் முகமாக இருந்தவள் சந்திரகலாதான். அவளைப் பார்த்தே கேட்டான்.

“அக்கா, நீங்க மஜ்லிஸ்தானே? யாருக்கா அந்த மகராசி? நம்ம இந்தியப் பொம்பளதான் கம்ப்ளேன் பண்ணி அடைக்கச் சொன்னாளாம். அவ வீட்டுல எழவே விழாதா? அவ செத்தா எங்க கொண்டுபோய்க் கரைப்பாங்க, சாக்கடையிலயா?”

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். குரு வேறு பக்கம் பார்த்தான். மற்ற யாருக்கும் தமிழ் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். யார் என்று அந்தப் பையனுக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது.

“நான்தான் தம்பி,” என்றாள் சந்திரகலா.

அவன் புரியாமல் பார்த்தான்.

“கம்ப்ளேன் பண்ணது நான்தான். குப்பைத் தொட்டி கேட்டேன். அவங்க மூடுறோம்னாங்க. எதுக்குன்னு கேக்காம தலையாட்டிட்டேன். எங்க வீட்டுக்காரரும் இந்தப் படியிலதான்…” அவள் பூட்டிய சங்கிலியைப் பார்த்தாள். “தப்பு என்னோடது.”

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“எனக்குக் கதை வேணாங்கா,” என்றான். “கை வலிக்குது. எங்கம்மாவ நான் எங்க வைக்கிறது?”

“என்ன சொல்கிறார்?” என்று மலாயில் கேட்டார் டத்தோ ஹம்டான்.

அவள் ஒரு சொல்கூட மாற்றாமல் மலாயில் சொன்னாள். கை வலிக்கிறதாம். அம்மாவை எங்கே வைப்பது என்று கேட்கிறார். யாரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. ஹாஜி மூசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தலைவர் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். “வருத்தமாகத்தான் இருக்கிறது, புவான். ஆனால் இங்கே நின்று நான் முடிவு சொல்ல முடியாது. கூட்டத்தில்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு மட்டும் வேறு இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.”

சந்திரகலா அவரைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். நேராகக் குருவிடம் நடந்தாள்.

“யார் சொல்லிப் பூட்டுன?”

“அக்கா, இன்ஜினியர்…”

“இன்ஜினியர் யார் சொன்னதா சொன்னாரு?”

குரு எச்சில் விழுங்கினான். “நீங்க கேட்டதா.”

“நான் கேட்டேன்னுதானே மூடுன? இப்ப நானே கேக்குறேன். தொற.”

குரு சாவியைக் கையில் பிடித்தபடி தலைவரைப் பார்த்தான். அவள் திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னாள்:

“டத்தோ, மேசையில் இது இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் பூட்டியாகிவிட்டது. யார் உத்தரவு என்றால் என் கோரிக்கை என்கிறீர்கள். சரி, என் கோரிக்கையாகவே இருக்கட்டும். மூட என் பேச்சு போதுமென்றால் திறக்கவும் என் பேச்சு போதும். இல்லை, இது வேறு ஒருவருடைய உத்தரவு என்றால், அது யார் என்று இந்தப் பிள்ளை முன்னால் சொல்லுங்கள். நான் பேசாமல் போய் வேனில் உட்கார்ந்துகொள்கிறேன்.”

காற்றில் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. டத்தோ ஹம்டானின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் சிவந்துவிட்டது. ‘என் உத்தரவு’ என்று அவர் சொன்னால், கூட்டத்தில் முடிவாகும் முன்பே பூட்டியதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அது போதும் என்று குருவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பூட்டைத் திறந்து சங்கிலியை இழுத்துப் போட்டான். ஹாஜி மூசா லிம்மின் கையைப் பிடித்து இழுத்து வழி விட்டார்.

யுகேந்திரன் படியில் இறங்கினான். சபாபதி பின்னாலேயே மந்திரம் சொல்லிக்கொண்டு போனார். அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கரையைப் பார்த்துத் திரும்பி, கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டான். மனைவி மேலே நின்று வாய்விட்டு அழுதாள். சந்திரகலாவுக்கும் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

டத்தோ ஹம்டான் அவள் பக்கத்தில் வந்து நின்றார். “இன்றைக்கு முடிவு இல்லை. படியை உடைப்பது அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகும்,” என்றார், எப்போதும் போல் மெதுவாக. “அப்போது நீங்கள் இருப்பீர்களா என்று என்னால் சொல்ல முடியாது.”

“இருக்க மாட்டேன், டத்தோ. எனக்குத் தெரியும்.”

அவர் தலையசைத்துவிட்டு வேனுக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஹாஜி மூசா மட்டும் படியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். வேன் மீன் கடைப் பக்கம் திரும்பவில்லை, அலுவலகத்துக்கே போயிற்று.

யுகேந்திரன் சொட்டச் சொட்ட மேலே வந்தான். காரியம் முடிந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் கடலுக்கு முதுகைக் காட்டியபடி நேராகக் காரைப் பார்த்து நடந்தான். அவளைத் தாண்டும்போது நின்றான். முகத்தைத் திருப்பவில்லை.

“அடுத்த வருஷம் தெவசத்துக்கு வருவேன். படி இருக்குமா?”

இருக்கும் என்று சொல்லிவிடலாம். அவனும் நிம்மதியாகப் போவான். அவளுக்கு வாய் வரவில்லை.

“தெரியலை தம்பி. அடுத்த மாசம் மறுபடியும் மேசைக்கு வரும். அப்ப எனக்கு அங்க எடம் இருக்காது. ஆனா கூட்டத்தை யாரும் வந்து பின்னால உக்காந்து பாக்கலாம், தடுக்க முடியாது. நான் வந்து உக்காருவேன். இங்க கரைச்ச குடும்பம் எல்லாத்தையும் சபாபதிக்குத் தெரியும், ஒவ்வொருத்தரையா கூப்பிடப் போறேன். நீ வேலை வெட்டிய விட்டுட்டு அவ்வளவு தூரம் வருவியா?”

அவன் வலியெடுத்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

“எங்கம்மாவ இப்பத்தான் இங்க விட்டுட்டுப் போறேன்,” என்றான். “வராம எங்கக்கா போவேன்?”

மனைவி துண்டை எடுத்து அவன் தோளில் போட்டாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தார்கள்.